இருபெயர் நிகழ்ச்சியும் அமைதிக் கல்வியும்

ஒரு பொருளுக்குப் பல பெயர் வழங்குதல் எம்மொழிக்கும் இயல்பே. ஆயின், ஒரே நிகழ்ச்சியை ஒரு சாரார் விழாவாகவும் மற்றொரு சாரார் இழவாகவும் பெயரிட்டு வழங்குங்கால், அவ்வேறுபாடு அகராதியளவில் நின்றுவிடுவதன்று. போர் நிலவும் நாட்டில் பல சமயக் குழந்தைகளை ஒருங்கே அமர்த்திக் கற்பிப்போர் அதனை வகுப்பறையிலேயே எதிர்கொள்கின்றனர். இசுரேல் நாட்டுச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றை முதன்மைச் சான்றாகக் கொண்டு இச்சிக்கலை ஈண்டு ஆராய்வோம்.

எருசலேமுக்கும் டெல் அவீவுக்கும் இடையே, லத்ரூன் துறவிமடத்தார் குத்தகைக்கு அளித்த நிலத்தில் அமைந்தது அச்சிற்றூர். எகிப்தில் யூதக் குடியிற் பிறந்து கத்தோலிக்கத் துறவியான புரூனோ உசார் அதனை நிறுவினார். எபிரேயத்தில் அதன் பெயர் 'நெவே சாலோம்'. அரபியில் 'வாகத் அல்-சலாம்'. முன்னது அமைதியின் உறையுள் என்றும், பின்னது அமைதியின் பாலைச்சோலை என்றும் பொருள்படும். சாலோம், சலாம் என்னும் இரண்டும் ஒரு வேரிற் கிளைத்த செமித்தியச் சொற்கள். ஊரின் வழிபாட்டிடத்துக்கும் இருமொழியிலும் பெயருண்டு. எபிரேயப் பெயராகிய 'தூமியா' மௌனத்தையும், அரபுப் பெயராகிய 'சகீனா' உள்ளத்தமைதியையும் குறிக்கும். எச்சமயத்தார்க்கும் பொதுவான இடத்திற்கு மௌனத்தையே பெயராக்கியது எண்ணத்தக்கது.

இவ்வூரில் 1984ஆம் ஆண்டு தொடக்கப்பள்ளி தோன்றியது. யூதர், இசுலாமியர், கிறித்தவர் ஆகியோரின் குழந்தைகள் இருமொழியிலும் பயில்கின்றனர். இருசார் ஆசிரியரும் கற்பிக்கின்றனர். பிறர் சமயத் திருநாள்களை அறிதல் இப்பயிற்சியின் எளிய பகுதியாகும். அரிய பகுதி யாது? 1948ஆம் ஆண்டினை யூதர் விடுதலை ஆண்டு என்பர். ஏறத்தாழ ஏழு லட்சம் பாலத்தீனியர் வீடிழந்த அவ்வாண்டின் நிகழ்ச்சியை அரபியர் 'நக்பா' என்பர். பேரழிவு என்பது அதன் பொருள். இவற்றுள் ஒன்றை மறைத்துக் கற்பித்தல் எளிது; ஆயின் அது பாதிக் குழந்தைகளின் வீட்டுப் பேச்சைப் பொய்யாக்கிவிடும். ஆதலின் இரு பெயரையும் இருவர் வாயிலாகவும் கேட்கச் செய்வதே இத்தகைய பள்ளிகள் மேற்கொண்ட நெறி. இது துணிவு வேண்டும் நெறியாகும். விடுதலை நாளைத் துயர்நாளாகக் கொள்ளும் நிறுவனங்களின் அரசுப் பொருளுதவியைக் குறைக்க 2011ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கின்றது. 'கையோடு கை' எனப் பொருள்படும் பெயர்பூண்ட அமைப்பு எருசலேமில் நடத்தும் இருமொழிப் பள்ளியில், 2014 நவம்பரில் வகுப்பறை ஒன்றுக்குத் தீ வைக்கப்பட்டது.

பகை வெளியே மட்டும் உள்ளதன்று. 1997இல் படை வானூர்திகள் இரண்டு மோதி 73 வீரர் மாண்டனர். அவருள் ஒருவர் இவ்வூரில் வளர்ந்த இளைஞர். அவருக்கு நினைவுக்குறி அமைப்பது பற்றி ஊரார் கருத்து வேறுபட்டனர். பெற்றோர்க்கு அவர் மகன்; அரபு அயலார் சிலர்க்கோ அவர் அணிந்த உடை தம் இனத்தாரை ஒடுக்கிய படையின் உடை. இருவர் துயரும் மெய்யே. அவற்றை ஒரு சொல்லில் அடக்குதல் அரிது.

மொழிநிலையிலும் ஒரு குறையுண்டு. வகுப்பில் இருமொழியும் நிகரெனினும், அரபுக் குழந்தைகள் எபிரேயத்தில் தேர்வது போல யூதக் குழந்தைகள் அரபியில் தேர்வதில்லை என்பதை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். அங்காடி, அலுவலகம், உயர்கல்வி ஆகியவற்றில் எபிரேயமே ஓங்கி நிற்றல் இதன் காரணம். 2018ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்சிமொழி என்னும் நிலையினின்று அரபியை இறக்கியது. வெளியே நிகரில்லாத மொழியை உள்ளே நிகராக்கல் ஆசிரியரால் மட்டும் முடிவதன்று.

இத்தகைய பள்ளிகள் மிகச் சிலவே. அந்நாட்டுக் குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர் தனித்தனியே பயில்கின்றனர். 2023 அக்டோபர்த் தாக்குதலையும், அதன்பின் காசாவில் நிகழ்ந்த பேரழிவையும் இக்கல்வி தடுத்திலது. ஆதலின் இதனாற் பயனென்னை எனச் சிலர் வினவலாம். போரை நிறுத்துதல் அரசினர் கடன். அதனைப் பள்ளியின் மேற் சுமத்துதல் முறையன்று. தன் விழாநாளுக்கு அயலான் வழங்கும் துயர்ப்பெயரைச் செவிமடுக்கவும், அதனை அவன் மொழியிலேயே உணரவும் ஒரு குழந்தையைப் பழக்குதலே பள்ளியின் கடன். பிறன் சொல்லைக் கேட்கப் பழகாதவர்க்கு உடன்படிக்கை எழுதினும் அது ஏட்டளவே நிற்கும் என்பது எம் துணிபு.