நத்தையும் சுண்ணாம்பும்

மழை விட்ட மறுநாள் காலையில் கிணற்றடிச் சுவரில் நத்தையைக் கண்டால் அதன்மீது உப்பைத் தூவிப் பார்க்கும் வழக்கம் நம் சிறுவர்களிடம் உண்டு. ஈரத்தையே ஜீவாதாரமாகக் கொண்ட அந்தப் பிராணியின் உடலிலுள்ள நீரையெல்லாம் உப்பு இழுத்துவிட, அது நுரை தள்ளித் துடித்துச் சாவதை அவர்கள் வேடிக்கையாக எண்ணுவதற்குக் காரணம் குரூர சுபாவமன்று. நத்தையைப்பற்றி யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்காததேயாகும்.

சொல்லிக் கொடுக்க ஒரு கண்ணாடித் துண்டு போதும். சிறிய நத்தையொன்றை அதன்மேல் விட்டு, உள்ளே இழுத்துக்கொண்ட உடல் வெளிவரும்வரை பொறுத்திருந்து, கண்ணாடியை மெல்லத் தூக்கி அடிப்புறத்தைப் பார்த்தால், தட்டையான பாதத்தில் மங்கலான பட்டைகள் வாலிலிருந்து தலையை நோக்கி அலையலையாக ஓடுவது தெரியும். அந்தத் தசையலைகளே அதன் நடை. கண்ணாடியில் கொஞ்சம் மாவுக் கரைசலைத் தடவி வைத்தால், ஆயிரக்கணக்கான நுண்ணிய பற்கள் பதிந்த நாவினால் அது மாவைச் சுரண்டித் தின்பதையும் காணலாம்.

நத்தை ஓட்டைவிட்டு வெளியேறி உலாவும் என்று குழந்தைகள் பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஓடு உடலோடு பிணைந்தது. ஆகாரத்திலும் மண்ணிலும் கிடைக்கும் சுண்ணாம்புச் சத்தைக் கொண்டு அதன் விளிம்பை நத்தை வளர வளர நீட்டிக்கொண்டே போகிறது. உச்சியிலுள்ள சிறு சுழிதான் அது முட்டையிலிருந்து வெளிவந்த நாளில் பெற்றிருந்த ஓடு.

அந்தச் சுண்ணாம்பு நத்தையோடு நின்றுவிடுவதில்லை. 1980-களில் ஹாலந்து தேசத்தின் மணற்பாங்கான காடுகளில், நம் பட்டாணிக் குருவிக்கு உறவான சிறு பறவைகள் ஓடு மெலிந்த முட்டைகளையும், ஓடே இல்லாத முட்டைகளையும் இடத் தொடங்கின. அமில மழையினால் மண்ணின் சுண்ணாம்பு கரைந்துபோக, நத்தைகள் அருகிவிட்டிருந்தன. முட்டையோட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பை அப்பறவைகள் நத்தையோட்டைத் தின்றே பெற்று வந்தன. அவற்றுக்கு நத்தையோடுகளையும் கோழிமுட்டை ஓடுகளையும் தீனியாக இட்டுப் பார்த்தபோது குறை நீங்கிற்று! நத்தையை நம்பி வாழ்பவை பறவைகள் மட்டுமல்ல; மின்மினிப் பூச்சிகள் பலவற்றின் புழுப்பருவத்துக்கும் நத்தையே முக்கிய உணவு.

நத்தை தோட்டத்தைப் பாழாக்குகிறதே என்பீர்கள். அப்படிப் பாழாக்கும் பெரிய நத்தை, 1847-இல் பென்ஸன் என்பவர் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்க இனம். அதன் அபவாதத்தை நம் நாட்டு நத்தைகள் அனைத்தின்மீதும் சுமத்துவது நியாயமன்று.

ஆகவே பெற்றோர்களே, உபாத்தியாயர்களே, குழந்தைகளின் கையிலுள்ள உப்பை வாங்கிக்கொண்டு கண்ணாடித் துண்டைக் கொடுங்கள்; பார்த்து முடிந்ததும் நத்தையை எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.