போர்டு எடுக்க மாட்டேங்குதுங்க!

தை பிறந்துவிட்டால் கோவை உக்கடம் பேருந்து நிலையத்தில் பொள்ளாச்சி, பாலக்காடு பஸ்களுக்கு நிற்கும் பொறியியல் மாணவர்களின் பைகளில் ஜம்பர் வயர்களும் நீல நிற போர்டு ஒன்றும் சேர்ந்துகொள்ளும். கடைசி வருட புராஜெக்ட் காலம். மோட்டாருக்கும் பம்புக்கும் பேர்போன ஊர் என்பதால் நிறையப் பேர் கையில் எடுப்பது, தோட்டத்து மோட்டாரை செல்போனிலிருந்தே ஓடவிடும் ஸ்டார்ட்டர். அந்த நாள்களில் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்கும் பேச்சு ஏறத்தாழ ஒன்றுதான். "அண்ணா, ப்ரோக்ராம் சரியாத்தானுங்க இருக்குது. போர்டுதான் எடுக்க மாட்டேங்குது. மாத்திக் குடுங்கண்ணா." கடைக்காரர் தன் விண்டோஸ் கணினியில் செருகுவார். போர்டு உடனே வேலை செய்யும். "போர்டு நல்லாத்தான் இருக்குது தம்பி. உன்ற லேப்டாப்பைப் பாரு."

தம்பியின் லேப்டாப்பில் இருப்பது லினக்ஸ். இது நம் மாநிலத்தில் அதிசயமில்லை. 2011இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்திலேயே விண்டோஸோடு சீடாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் ஏற்றித் தரப்பட்டது. புது விண்டோஸைச் சுமக்க முடியாத பழைய கணினிக்கு இன்றும் லினக்ஸே கதி. போர்டு எடுக்காவிட்டால் பழி அதன் தலையில்தான் விழும். உண்மையில் எங்கே சிக்கல் என்பதை லினக்ஸ் அளவுக்கு வெளிப்படையாகச் சொல்லும் இயங்குதளம் குறைவு. மாணவர்கள்தான் அதைப் படிக்காமல் இணையத்தில் கிடைத்த கட்டளையை எல்லாம் வரிசையாக அடித்துப் பார்க்கிறார்கள்.

அந்த நீல போர்டுக்குப் பெயர் ஆர்டுயினோ. 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில், வடிவமைப்பு மாணவர்களும் மின்னணுவைத் தொட்டுப் பார்க்கட்டும் என்று உருவானது. அதன் யூனோ வகையில் இருக்கும் ஏடிமெகா328பி சில்லின் நிரல் நினைவகம் 32 கிலோபைட். தற்காலிக நினைவகம் 2 கிலோபைட்தான். இந்தச் சில்லுக்கு யூஎஸ்பி மொழி தெரியாது. சீரியல் என்னும் பழைய முறையில் மட்டுமே பேசும். ஆகவே இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்க்க இன்னொரு சில்லு வேண்டும். வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்திருப்பதால் சீனாவில் நகல் போர்டுகள் பெருகின. விலையைக் குறைக்க அவற்றில் பெரும்பாலானவை அந்த இடத்தில் சிஎச்340 என்னும் சீனச் சில்லை வைக்கின்றன. நம் கடைகளில் மலிவாகக் கிடைப்பவையும் இவையே. கோளாறுகள் அநேகமாக இந்த மொழிபெயர்ப்பாளரைச் சுற்றித்தான் நடக்கின்றன.

முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். யூஎஸ்பி கேபிளில் சிவப்பும் கருப்பும் மின்சாரத்துக்கு, வெள்ளையும் பச்சையும் தகவலுக்கு. சார்ஜருக்கென்று வரும் மலிவு கேபிள்கள் சிலவற்றில் பின்னிரண்டு கம்பிகளே இருப்பதில்லை. போர்டில் விளக்கு எரியும். கணினிக்கோ ஏதோ செருகியிருக்கிறது என்றே தெரியாது. விளக்கைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். டெர்மினலில் டிமெஸ்க் என்ற கட்டளையைத் தொடர்ந்து ஓடவிட்டு, போர்டைப் பிடுங்கிச் செருகுங்கள். ஒரு வரிகூடப் புதிதாக வரவில்லையென்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள்.

வரிகள் வந்தால் நிதானமாகப் படியுங்கள். சிஎச்341 மாற்றி டிடிஒய்-யூஎஸ்பி-0 என்ற பெயரில் இணைந்தது என்று ஒரு வரி வரும். (340க்கும் 341க்கும் டிரைவர் ஒன்றே, அது லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, தனியாக எதையும் நிறுவத் தேவையில்லை.) ஆனால் உபுண்டு 22.04 வைத்திருப்பவர்களுக்கு அடுத்த நொடியே இன்னொரு வரி வரலாம்: இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று. கேபிளை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். இரண்டுக்கும் இடையே பிஆர்எல்-டிடிஒய் என்று ஒரு பெயர் தென்படும். போர்டைப் பறித்துக்கொண்ட ஆள் அதுதான்.

அது வைரஸ் அல்ல. பார்வையற்றோர் கணினியைப் பயன்படுத்த உதவும் நிரல். திரையில் உள்ள எழுத்துகளை, விரலால் தடவிப் படிக்கும் ப்ரெய்ல் கருவிக்கு அனுப்புவது அதன் பணி. திரையையே பார்க்க முடியாதவரிடம் போய் 'இந்தப் பட்டனை அழுத்துங்கள்' என்று கேட்க முடியாது. எனவே ப்ரெய்ல் கருவியைச் செருகியதும் தானாகவே ஓடிவந்து பிடித்துக்கொள்ளும்படி அதை எழுதியிருக்கிறார்கள். எந்தக் கருவி என்று அது அறிவது யூஎஸ்பி அடையாள எண்ணை வைத்து. ப்ரெய்ல் கருவி ஒன்றுக்குள்ளும் இதே சிஎச்340 சில்லு இருக்கிறது. சில்லு தயாரிப்பாளர் போட்ட 1ஏ86:7523 என்ற எண்ணை அங்கேயும் மாற்றவில்லை, நகல் போர்டிலும் மாற்றவில்லை. எனவே ஆர்டுயினோவைச் செருகினால், ப்ரெய்ல் கருவி வந்துவிட்டது என்று நம்பி அந்த நிரல் பிடித்துக்கொள்கிறது. சில ரூபாய் மிச்சம் பிடிக்க எல்லோரும் ஒரே எண்ணில் வாழ்வதன் விளைவு இது.

அந்த நிரலையே நீக்கிவிடு என்பதுதான் எல்லோரும் சொல்லும் வைத்தியம். சொந்த லேப்டாப்பில் செய்துகொள்ளுங்கள். கல்லூரி ஆய்வகக் கணினியில் செய்யாதீர்கள். அதில் அடுத்து உட்காருபவருக்கு அது தேவைப்படலாம். நீக்குவதற்குப் பதில், அந்த நிரலின் யூடெவ் விதிக் கோப்பில் இந்த எண் உள்ள வரிக்கு முன்னால் ஒரு # குறி போட்டாலே போதும்.

அடுத்தது, "அனுமதி மறுக்கப்பட்டது". சீரியல் வழியைத் திறக்கும் உரிமை உபுண்டு, டெபியன் வகைகளில் டயல்அவுட் என்ற குழுவில் உள்ளவர்களுக்கே உண்டு. அந்நாளில் சீரியல் முனையில் தொங்கியது டெலிபோன் மோடம். யார் வேண்டுமானாலும் டயல் செய்தால் பில் எகிறும். எஸ்டிடி காலத்தில் வீட்டு போனுக்குப் பூட்டு போட்டோமே, அதே கதைதான். மோடம் போய்விட்டது, பூட்டு மட்டும் நிற்கிறது. உங்கள் பெயரை அந்தக் குழுவில் சேர்த்து, லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள். வெளியேறி வராதவரை பழைய அனுமதியே செல்லும் என்பதை மறந்து, 'சேர்த்தும் வேலை செய்யவில்லை' என்பவர்கள் ஏராளம். ஒவ்வொரு முறையும் சூடோ போட்டு ஓட்டுவது தீர்வல்ல, கெட்ட பழக்கம்.

இத்தனையும் தாண்டியபின் வருவது "நாட் இன் சிங்க்". கணினி பத்து முறை கூப்பிட்டும் சில்லு பதில் சொல்லவில்லை என்று பொருள். புது நிரலை ஏற்ற, கணினி முதலில் சில்லை ரீசெட் செய்யும். உள்ளே இருக்கும் பூட்லோடர் ஏறத்தாழ ஒரு நொடி மட்டும் காது கொடுத்துக் கேட்கும். பிறகு பழைய நிரலை ஓட்டப் போய்விடும். அந்த நொடியில் பேச்சின் வேகம் பொருந்த வேண்டும். நானோ என்னும் ஆர்டுயினோ வகையின் நகல்கள் பலவற்றில் பழைய பூட்லோடர். அதன் வேகம் 57,600. கணினி 1,15,200இல் பேசினால் ஒன்றும் புரியாது. ஆர்டுயினோ மென்பொருளின் மெனுவில் பழைய பூட்லோடரைத் தேர்ந்தால் சரியாகிவிடும்.

மோட்டார் ஸ்டார்ட்டர் புராஜெக்ட்டில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிம்கார்டு போடும் ஜிஎஸ்எம் மாட்யூலை 0, 1 பின்களில் இணைத்திருப்பார்கள். கணினியின் பேச்சு சில்லுக்குள் போவதும் அதே இரண்டு பின்கள் வழியாகத்தான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் யார் சொல்வதும் விளங்காது. நிரல் ஏற்றும்போது அந்த இரண்டு வயரையும் கழற்றுங்கள். இல்லையென்றால் மாட்யூலை வேறு பின்களுக்கு மாற்றி, சாஃப்ட்வேர் சீரியலில் ஓட்டுங்கள். இஎஸ்பி32 போர்டு வைத்திருப்பவர்கள், இணைக்கிறேன் என்று புள்ளிகள் ஓடும்போது பூட் பட்டனை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் போதும்.

எதுவும் பலிக்காவிட்டால், யூனோ போர்டில் ரீசெட் பின்னையும் கிரவுண்டையும் ஒரு வயரால் இணையுங்கள். 0, 1 பின்களை இன்னொரு வயரால் இணையுங்கள். சீரியல் மானிட்டரைத் திறந்து ஏதாவது தட்டுங்கள். தட்டியது அப்படியே திரும்பி வந்தால் கேபிள், மொழிபெயர்ப்புச் சில்லு, டிரைவர், அனுமதி நான்கும் நலம். சந்தேகம் முதன்மைச் சில்லின் மீதோ அதன் பூட்லோடர் மீதோதான். இன்னொரு ஆர்டுயினோ கைவசம் இருந்தால் அதைக் கொண்டே பூட்லோடரை மறுபடி எழுதிவிடலாம். அதையும் செய்து பார்த்தபின் கடைக்காரரிடம் போங்கள்.