கண்ணாடிக்குள் ஒரு சூரியன்

காலையில் விளக்கைப் போட்டதும், இரவெல்லாம் கட்டையோடு கட்டையாக ஒட்டிக்கிடந்த தாடி ஓணான் கண் திறக்கிறது. மெல்ல ஊர்ந்து விளக்குக்குக் கீழே இருக்கும் கல்லில் ஏறுகிறது. விலா எலும்புகளை விரித்து உடம்பைத் தோசை போலத் தட்டையாக்கிக்கொள்கிறது. அந்நேரம் அதன் முதுகு கருத்திருக்கும். கருநிறம் வெப்பத்தைச் சீக்கிரம் இழுத்துக்கொள்ளும் அல்லவா? உடம்பு சூடேறச் சூடேற நிறம் வெளுத்து இளம் பழுப்பாகிறது. சூடு மிஞ்சினால் வாயை ஆவென்று திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். கோபம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது உடம்பின் சூட்டைத் தணித்துக்கொள்ளும் வழி.

‘பியர்டெட் டிராகன்’ என்று செல்லப்பிராணிக் கடைகளில் சொல்லப்படும் இந்த உயிரினத்தின் அறிவியல் பெயர் போகோனா விட்டிசெப்ஸ். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலம் இதன் தாயகம். நம் வேலிகளில் தலையாட்டும் ஓணானும் இதுவும் ஒரே குடும்பம். மிரட்டப்பட்டால் தொண்டையை உப்பி, அங்கிருக்கும் முள் செதில்களைக் கருக்கச் செய்யும். அதுதான் ‘தாடி’. ஆஸ்திரேலியா தன் காட்டுயிர்களைச் செல்லப்பிராணி வணிகத்துக்கு ஏற்றுமதி செய்ய அனுமதிப்பதில்லை. ஆகவே மற்ற நாடுகளில் வளர்க்கப்படுபவை பெரும்பாலும் கூண்டில் பிறந்தவற்றின் வாரிசுகள். தலைமுறை தலைமுறையாகப் பாலை நிலத்தைப் பார்க்காதவை. ஆனாலும் அவற்றின் உடம்பு அந்த வெயிலைத்தான் இன்னமும் கேட்கிறது. இதை வளர்ப்பவரின் முதல் வேலை அந்த வெயிலைக் கொடுப்பது.

வெயிலில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று சூடு. ஓணான் தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது, வெளியிலிருந்துதான் பெறும். வளர்ந்த ஓணானுக்கு நான்கடி நீளம், இரண்டடி அகலமுள்ள பெட்டியாவது வேண்டும். ஒரு முனையில் வெயில் காயும் இடம் 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம். மறு முனை 25 முதல் 29 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடு போதாதபோது ஒரு முனைக்கும், மிஞ்சும்போது மறு முனைக்கும் அது தானாகவே போய்க்கொள்ளும். பெட்டி முழுக்க ஒரே சூடாக இருந்தால் ஒதுங்க இடமில்லாமல் தவிக்கும். சூடு குறைந்தால் செரிமானமும் நடக்காது. அதனால் இரை போட்ட கையோடு விளக்கை அணைக்கக் கூடாது. இரவில் முழு இருட்டு வேண்டும். சிவப்பு, நீல விளக்குகள் வேண்டாம்.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா பி கதிர். இது தோலில் பட்டதும் அங்குள்ள ஒரு கொழுப்புப் பொருள் மாற்றமடைகிறது. பிறகு உடம்பின் சூட்டால் அது வைட்டமின் டி3 ஆகிறது. ஆக, ஒளியும் சூடும் சேர்ந்தால்தான் வேலை முடியும். இந்த வைட்டமின் இல்லாவிட்டால் தின்ற சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேராது. இரத்தம் எலும்பிலிருந்தே அதை உருவத் தொடங்கும். தாடை ரப்பர் போல மெத்தென்று ஆகும், விரல்கள் நடுங்கும், கால்கள் வளையும். வளைந்த எலும்பு பெரும்பாலும் பழையபடி நிமிர்வதில்லை.

‘ஜன்னலோரம் வைத்திருக்கிறேனே, வெயில் படுகிறதே’ என்பார்கள். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும். புற ஊதா பி கதிரைத் தடுத்துவிடும். அதற்கென்றே விற்கும் புற ஊதா குழல்விளக்குதான் வழி. அந்த விளக்கிலும் ஒரு சூது உண்டு. வெளிச்சம் அப்படியே இருக்கும், கதிர் மட்டும் மெல்லக் குறைந்துவரும். எரிகிறதே என்று விட்டுவிடாமல், தயாரிப்பாளர் சொல்லும் கெடுவில், ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை மாற்றிவிட வேண்டும். காலை வெயிலில் நிழலும் இருக்கும்படி சற்று நேரம் வெளியே விடுவது நல்லது. கண்ணாடிப் பெட்டியோடு மட்டும் வெயிலில் வைக்காதீர்கள். சிறிது நேரத்திலேயே உள்ளே வெந்துவிடும்.

இரை விஷயம் எளிது. குட்டிகளுக்குப் பூச்சி அதிகம், பெரியவற்றுக்குக் கீரையும் காய்களும் அதிகம். பூச்சியின் அளவு ஓணானின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக் கூடாது. சுண்ணாம்புச் சத்துப் பொடி தூவிக் கொடுக்க வேண்டும். மல்பெரி இலை, செம்பருத்திப் பூ, துருவிய பூசணி நல்லவை. பாலக்கீரை சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடும் என்பதால் எப்போதாவது போதும். மின்மினிப்பூச்சி மட்டும் வேண்டவே வேண்டாம். ஒன்றே ஒன்று உயிரைக் குடித்துவிடும். தரையில் மணலுக்குப் பதில் காகிதமோ ஓடோ விரியுங்கள். குட்டிகள் இரையோடு மணலையும் விழுங்கிக் குடல் அடைபடும். ஒரு பெட்டியில் ஒன்றே போதும். இரண்டை விட்டால் வலியது மெலியதை ஒடுக்கிவிடும். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்; சால்மோனெல்லா கிருமி அதன் உடம்பில் இருக்கலாம்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழும். வலித்தால் கத்தத் தெரியாத உயிர் அது. எலும்பு மெலிவது வெளியே தெரியும்போது பாதிச் சேதம் முடிந்திருக்கும். ஆகவே வாங்க ஆசைப்படுகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: முதலில் பெட்டியும் விளக்கும் வாங்குங்கள். ஒரு வாரம் எரியவிட்டு, வெப்பமானியால் இரு முனைகளையும் அளந்து பாருங்கள். சூரியன் சரியாக அமைந்த பிறகு ஓணானை வீட்டுக்குக் கூட்டிவாருங்கள்.