மெலிவில் ஒலிக்கும் தந்திகள்: பேஸ் கிற்றாரும் டபிள் பேஸும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்த வேளையில், தந்தையார் ஒருவர் எம்மிடம் வந்தார். "மாஸ்ரர், உவன் பேஸ் கிற்றார் பழகப் போறானாம். உதிலை ஒரு பாட்டாவது வாசிக்கேலுமோ?" என்று கேட்டார். மகன் நிலத்தைப் பார்த்தபடி அருகில் நின்றான். நாம் சிரித்துவிட்டு, "பழகட்டும், பார்ப்போம்" என்று கூறி அனுப்பி வைத்தோம். கேட்ட கேள்விக்கு அது விடையன்று. அடுத்த மாதம் மலிவு விலையில் ஒரு கிற்றார் வாங்கப்பட்டது. ஆறு மாதத்துக்குள் அது கதவின் பின்னால் ஒதுங்கிவிட்டது. பிள்ளைக்கு இசையில் நாட்டமில்லை என்று வீட்டார் முடிவு செய்தனர். வெகுகாலத்தின் பின் அக்கருவியைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான், அதன் தந்திகள் வளர்ந்தவர் விரலுக்கே எளிதில் அடங்காத உயரத்தில் நின்றமை எமக்குப் புலப்பட்டது. அன்று கூறியிருக்க வேண்டிய விடையை இம்மலரில் எழுத முற்படுகின்றோம்.

பேஸில் பாட்டு வாசிக்கலாம். ஆனால் அதன் தலையாய பணி அதுவன்று. நம் முன்னோர் குரலின் நிலைகளை மெலிவு, சமன், வலிவு என மூன்றாக வகுத்தனர். பாடகரும் வயலினும் பெரும்பாலும் சமனிலும் வலிவிலும் உலவ, மெலிவிலே நின்று முழு இசையையும் தாங்குவது பேஸ். கர்நாடக இசைக் கச்சேரியில் தம்புரா ஒரே சுருதியை இடையறாது ஒலித்துக்கொண்டிருக்கும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் ஆழ்ந்த ஒலியால் தாளத்துக்கு எடை சேர்க்கும். மேலைநாட்டு இசையில் இவ்விரு பணிகளையும் ஒருங்கே மேற்கொள்வது பேஸ் எனலாம். ஆயினும் தம்புராவைப் போல அது ஓரிடத்தில் நிற்பதில்லை. நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த நகர்விலேதான் அதன் ஆற்றல் உள்ளது.

இதனை வீட்டிலே சோதித்துப் பார்க்கலாம். கீபோர்டின் நடுவிலுள்ள ‘ச’ என்ற சுரத்தை, அதாவது மேலைநாட்டார் ‘சீ’ என அழைப்பதை, வலக்கையால் அழுத்திப் பிடியுங்கள். இடக்கையால் கீழ் ஸ்தாயியில் முதலில் ‘ச’, அடுத்து ‘த’ (ஏ), அதன்பின் ‘ம’ (எஃப்) ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக நிதானமாக வாசியுங்கள். மேலே உள்ள சுரம் சற்றும் மாறவில்லை. ஆனால் கேட்பவர் மனத்தில் முதலில் அமைதியும், பின்னர் ஒரு சோகச் சாயலும், அதன்பின் கதவு திறந்தாற்போன்ற விரிவும் தோன்றும். பாடுபவர் ஒரே சுரத்தில் நின்றாலும், அச்சுரத்தின் பொருளைக் கீழேயுள்ள பேஸ் மாற்றிவிடுகின்றது. அந்தத் தந்தையாரின் கேள்விக்கு விடை இதுவே. பேஸ் வாசிப்பவர் பாட்டை வாசிப்பதில்லை. பாட்டுக்கு என்ன பொருள் என்பதைத் தீர்மானிக்கிறார்.

பேஸ் கிற்றாரும் டபிள் பேஸும் தோற்றத்தில் தொலைவிலுள்ள உறவினர் போலத் தெரியினும், சுருதியில் உடன்பிறந்தோரே. இரண்டுக்கும் வழக்கமாக நான்கு தந்திகள். தாழ்ந்ததிலிருந்து ஈ, ஏ, டி, ஜீ என்ற அதே சுரங்களுக்கு அவை கூட்டப்படுகின்றன. தாழ்ந்த ஈ தந்தி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 41 தடவைகள் அதிர்கின்றது. சாதாரண கிற்றாரின் தாழ்ந்த தந்தியோ 82 தடவைகள். ஒரு ஸ்தாயி கீழே இறங்குவதற்குத் தந்தியின் நீளத்தை இரு மடங்காக்கலாம். ஆனால் 65 சென்றிமீற்றர் கொண்ட கிற்றார்த் தந்தியை 130 சென்றிமீற்றராக்கினால் அதனை ஏந்தி வாசிக்க எவராலும் இயலாது. எனவே நீளத்தைச் சிறிது கூட்டி, மீதியைத் தடிப்பினால் ஈடுசெய்தனர். பேஸ் கிற்றாரின் தந்தி ஏறத்தாழ 86 சென்றிமீற்றர். டபிள் பேஸின் தந்தி 105 சென்றிமீற்றர் அளவில் இருக்கும். உள்ளே ஒரு கம்பியும் அதன்மேல் இறுகச் சுற்றிய மற்றொரு கம்பியுமாக அவை தடித்திருப்பதன் காரணம் இதுவே.

டபிள் பேஸே மூத்தது. அது பல நூற்றாண்டுகளாக ஐரோப்பிய வாத்தியக் குழுக்களின் பின்வரிசையில் நிற்கின்றது. ‘நிற்கின்றது’ என்பது உண்மையே. ஆறடி உயரமுள்ள அதனுடன் வாசிப்பவரும் பெரும்பாலும் நின்றுகொண்டோ உயர்ந்த முக்காலியில் அமர்ந்தோ வாசிப்பார். பிரெஞ்சு இசையமைப்பாளர் சான்-சான்ஸ் 1886-இல் விலங்குகளைப் பற்றி இயற்றிய இசைத் தொகுதியில், யானையாக வேடம் புனைவது டபிள் பேஸ்தான். சிறு பிள்ளைகளுக்கு இதனை முதலிலே கேட்பிக்கலாம்.

இத்தாலியரான ஜொவானி பொத்தேசீனி (1821–1889) இக்கருவியை விரும்பித் தேர்ந்தவர் அல்லர். வயலின் பழகியிருந்த சிறுவனான அவர் மிலான் இசைக் கல்லூரியில் சேர விழைந்தபோது, உதவித்தொகையுடன் எஞ்சியிருந்த இடங்கள் இரண்டே: ஒன்று பசூன் என்னும் குழற்கருவிக்கு, மற்றையது டபிள் பேஸுக்கு. சில வாரங்களில் டபிள் பேஸைப் பழகி இடத்தைப் பெற்றார். பின்னாளில் அக்கருவியின் ஒப்பற்ற வித்துவான் என ஐரோப்பா எங்கும் போற்றப்பட்டார். 1871-இல் கெய்ரோவில் வேர்டியின் ‘அயிடா’ முதன்முதல் அரங்கேறியபோது வாத்தியக் குழுவை நடத்தியவரும் அவரே. எல்லோரும் வயலினுக்கே வரிசையில் நிற்கும் நம் வீடுகளில் இக்கதை எவருக்கேனும் பயன்படக்கூடும். பாடசாலை வாத்தியக் குழுக்களில் வயலின் பிள்ளைகள் நிறைந்திருக்க, டபிள் பேஸ் வாசிக்க ஆள் தேடும் ஆசிரியர்களை நாமே கண்டிருக்கின்றோம்.

பேஸ் கிற்றாரின் வரலாறு குறுகியது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் போல் ருட்மார்க் என்பவர் 1930-களிலேயே மின்பேஸ் ஒன்றைச் செய்தார், அது பரவவில்லை. கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ ஃபென்டர் 1951-இல் வெளியிட்ட ‘பிரசிஷன் பேஸ்’ தான் உலகெங்கும் சென்றது. வீணையில் உள்ளது போன்ற மெட்டுகள் அதன் கழுத்தில் பதிக்கப்பட்டிருந்தமையால், விரல் சற்று விலகினாலும் சுரம் பிசகாது. துல்லியத்தைக் குறிக்கும் அப்பெயர் வந்தது அதனாலேயே. டபிள் பேஸில் மெட்டுகள் இல்லை, செவியே வழிகாட்டி.

இக்கருவியை ஒரு கலையாக உயர்த்தியவர்களுள் ஜேம்ஸ் ஜேமர்சன் (1936–1983) முதன்மையானவர். டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனத்தில் 1960-களில் உருவான எண்ணற்ற பாடல்களில் ஒலிப்பது அவருடைய பேஸ். டபிள் பேஸில் தொடங்கிய அவர், கிற்றாருக்கு மாறிய பின்னரும் வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றினாலேயே தந்திகளை மீட்டினார். தந்திகளை மாற்றுவதும் அரிது. உலகமே அவருடைய விரலசைவுக்கு ஆடிக்கொண்டிருந்த காலத்தில், இசைத்தட்டுகளின் உறைகளில் அவருடைய பெயர் இருந்ததில்லை. 1971-இல் வெளிவந்த மார்வின் கேயின் இசைத்தட்டிலேதான் மோட்டவுன் வாத்தியக்காரர்களின் பெயர்கள் அச்சாகின. கீழே நின்று தாங்குபவரை மேலே பார்ப்பவர் காண்பதில்லை. அவரை நினைக்கும்போது எமக்கு இன்றும் சிறிது வருத்தமே.

கரோல் கே என்ற அம்மையார், 1963-இல் ஒலிப்பதிவொன்றுக்குப் பேஸ் வாசிப்பவர் வராத காரணத்தால் அவ்விடத்தை நிரப்பி, பின்னர் லொஸ் ஏஞ்சல்ஸில் மிகவும் நாடப்பட்ட பேஸ் கலைஞரானார். 2025-இல் மறைந்தார். நம் காலத்தில் எஸ்பெரான்சா ஸ்போல்டிங் இரு பேஸ்களையும் வாசித்துக்கொண்டே பாடுகின்றார்; 2011-இல் சிறந்த புதிய கலைஞருக்கான கிராமி விருது பெற்றார். ‘பெண் பிள்ளைக்கு இது ஏன்?’ என்று கேட்போர்க்கு இவ்விரு பெயர்களும் போதும்.

தமிழ்த் திரையிசையிலும் பேஸுக்கு உயர்ந்த இடம் உண்டு. இளையராஜாவின் இசையில் பேஸ் தனக்கென ஒரு மெட்டுடன் பாடகரோடு உரையாடிச் செல்லும். 1982-இல் வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’, ‘நினைவெல்லாம் நித்யா’ ஆகிய படங்களின் பாடல்களைப் பெற்றோர் நூறு தடவை கேட்டிருப்பர். நூற்றோராவது தடவை பாடகரை விட்டுவிட்டு, கீழே செல்லும் அந்தத் தடித்த தந்தியின் வழியை மட்டும் பின்தொடருங்கள். இளையராஜாவின் குழுவில் பல்லாண்டு பேஸ் கிற்றார் வாசித்த சசிதரனின் கைவண்ணம் அப்போது விளங்கும். கைத்தொலைபேசியின் சிற்றொலிபெருக்கியில் இவை கேட்கமாட்டா. நல்ல காதணி ஒலிபெருக்கி வேண்டும்.

இனி, வாங்குவது பற்றி. நாம் கண்ட தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் நிகழ்கின்றன.

பேஸ் கிற்றாரை அஞ்சலில் வரவழைத்துப் பெட்டியிலிருந்து எடுத்த எடுப்பில் பிள்ளையின் கையில் கொடுத்தல் ஆகாது. கழுத்து நேராக உள்ளதா, தந்திகள் மெட்டுகளுக்கு அண்மையில் நிற்கின்றனவா, அழுத்தும்போது எங்காவது கரகரக்கின்றதா என்பவற்றை வாத்தியம் திருத்துபவர் ஒருவர் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். நன்கு சரிசெய்யப்பட்ட மலிவான கருவி, சரிசெய்யப்படாத விலையுயர்ந்த கருவியிலும் மேலானது. சிறிய கைகளுக்கு 34 அங்குலத் தந்தியுள்ள வழக்கமான கருவியை விட, 30 அங்குலக் குறுங்கழுத்துக் கருவி ஏற்றது. இது குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருள் என்று எவரும் எண்ண வேண்டாம். போல் மக்கார்ட்னி 1961-இல் ஹம்பேர்க்கில் வாங்கிய ஹொஃப்னர் கருவியும் குறுங்கழுத்து உடையதே. 1972-இல் களவுபோன அது, அரை நூற்றாண்டின் பின் கண்டெடுக்கப்பட்டு அவரிடமே திரும்பியதென்ற செய்தி 2024-இல் வெளியானது. நான்கு கிலோ வரை எடையுள்ள கருவியாதலால் அகன்ற தோள்வார் வாங்குங்கள். மெல்லிய வார் தோளை அறுக்கும்.

ஒலிபெருக்கியில் சிக்கனம் பார்த்து, மூத்த பிள்ளையின் சாதாரண கிற்றார் ஒலிபெருக்கியில் பேஸை இணைப்போர் உளர். 41 அதிர்வுடைய ஒலியலையின் நீளம் எட்டு மீற்றருக்கும் மேல். அதற்கெனச் செய்யப்படாத ஒலிபெருக்கி, உரத்து வாசித்தால் கிழிந்துபோகலாம். வீட்டில் பழகுவதற்கு 15 முதல் 30 வாற்றுள்ள சிறிய பேஸ் ஒலிபெருக்கி போதும். காதணி இணைக்கும் துளை அதில் இருத்தல் அவசியம். தாழ்ந்த ஒலி சுவரை எளிதில் ஊடுருவி அயலவரின் உறக்கத்தைக் கெடுக்கும்.

டபிள் பேஸை முதலில் வாங்கவே வேண்டாம் என்பது எமது கருத்து. பல பாடசாலைகளும் வாத்தியக் கடைகளும் வாடகைக்குத் தருகின்றன; பிள்ளை வளர வளர அளவை மாற்றிக்கொள்ளலாம். வளர்ந்தோர் பெரும்பாலும் வாசிப்பது ‘முக்கால்’ எனப்படும் அளவையே. அப்பெயரைக் கண்டு அரைகுறைக் கருவி என்று எண்ணற்க. தொடக்கத்துக்கு ஒட்டுப்பலகையால் ஆனது நல்லது. குளிர்கால வீட்டு வெப்பத்தில் காற்று வறண்டு, செதுக்கிய முழுமரக் கருவிகள் வெடிப்பதுண்டு, ஒட்டுப்பலகை தாங்கும். வைக்கும்போது பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வையுங்கள்; முகம் குப்புற வைத்தால் குதிரை முறிந்துவிடும். வாடகைக்கு எடுக்கும் முன், உங்கள் வண்டியின் இருக்கைகள் மடியுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழகும் முறை இரண்டிலும் சற்று வேறுபடும். முதல் இரு சுரங்களுக்கிடையிலான தூரம் கிற்றாரில் 3.6 சென்றிமீற்றர் என்றால், பேஸ் கிற்றாரில் 4.8, டபிள் பேஸில் ஏறத்தாழ 6. எனவே டபிள் பேஸின் கீழ்ப்பகுதியில் மோதிர விரலும் சிறுவிரலும் சேர்ந்தே அழுத்துகின்றன. வலக்கையில் வில்லையோ விரலையோ பயன்படுத்துவர். பேஸ் கிற்றாரில் சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறி நடக்கும். பெருவிரல் கழுத்தின் பின்னே தளர்ந்து நிற்க வேண்டும். நுனிவிரல் காய்ப்பது இயல்பு. மணிக்கட்டு வலிப்பது பிழையின் அறிகுறி. வலித்தால் உடனே நிறுத்தி ஆசிரியரிடம் காட்டுங்கள்.

முதல் மாதத்தில் பாட்டு வேண்டாம். திறந்த நான்கு தந்திகளையும் தாளப்பொறியுடன் நிதானமாக வாசித்து, ஒவ்வொரு சுரத்தையும் தொடங்கும் கணத்தைப் போலவே நிறுத்தும் கணத்தையும் கவனியுங்கள். வாசிக்காத தந்திகள் தாமாக முனகாதவாறு விரல்களால் அடக்கப் பழகுங்கள். இது சலிப்பூட்டும் என்பதை நாம் அறிவோம். மிருதங்கம் பழகும் தம்பியோ தங்கையோ வீட்டில் இருந்தால், ஆதி தாளத்தில் அவர்களுடன் சேர்ந்து வாசியுங்கள். அவர்களின் தொப்பி ஒலியும் உங்கள் தந்தியும் ஒரே கணத்தில் விழும்போது தோன்றும் மகிழ்ச்சி, சலிப்பை மறக்கச் செய்யும்.

அந்தத் தந்தையாரை அண்மையில் மீண்டும் சந்தித்தோம். கதவின் பின்னால் நின்ற கிற்றாரை அவர் எவருக்கும் கொடுத்துவிடவில்லை. மகன் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். தந்திகளின் உயரத்தைச் சரிசெய்ய அரைமணி நேரம் போதும், விடுமுறைக்கு அவன் வரும்போது கருவியோடு இங்கே கூட்டி வாருங்கள் என்று சொல்லியிருக்கின்றோம்.