பாலை வழியிற் கடை வண்டி

சென்ற தீபாவளி விடுமுறையில், அட்டன் நகர் சாரலில் நனைந்துகொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில், இளைஞன் ஒருவன் என் இல்லம் தேடி வந்தான். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் தமிழ் கற்றவன். இன்று அமீரக நாட்டில் வண்டி ஓட்டிப் பிழைப்பவன். தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில் தன் கைத்தொலைபேசியிலிருந்து ஒரு படத்தைக் காட்டினான். செம்மஞ்சள் நிற மணற்குன்றுகள் அலையலையாய்க் கிடந்தன. அவற்றினிடையே பத்து வண்டிகள் எறும்பு வரிசைபோல் ஊர்ந்து சென்றன.

"முன்னிருந்து இரண்டாவது வண்டியை ஓட்டுபவன் நான்தான், ஐயா" என்றான்.

"தலைவனுக்கு அடுத்த இடமா? அத்துணை வல்லவனாகிவிட்டாயா, தம்பி?" என்று வினவினேன்.

அவன் நகைத்தான். "இல்லை ஐயா, அந்தக் கூட்டத்திலே ஒன்றும் தெரியாதவன் நான் ஒருவன்தான். அதனாலேதான் எனக்கு அந்த இடம்."

அவ்விடை என் நெஞ்சில் தைத்தது. ஏன் தைத்தது என்பதை இறுதியிற் கூறுவேன். அதற்கு முன், அவன் வாயிலாகவும் நூல்கள் வாயிலாகவும் நான் அறிந்த மணற்பயணத்தின் இயல்பை அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

பாலை என்னும் சொல் தமிழர்க்குப் புதியதன்று. ஆயினும் நம் இலக்கியப் பாலையும் அரபு நாட்டுப் பாலையும் ஒன்றல்ல. தொல்காப்பியர் நிலங்களைத் தெய்வத்தோடு சேர்த்து வகுத்துரைக்குமிடத்து முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என நான்கினையே கூறினார். பாலைக்கெனத் தனி நிலம் வகுத்திலர். முல்லையும் குறிஞ்சியும் கோடையின் கொடுமையால் தம் இயல்பு திரிந்தவிடத்துப் பாலை பிறக்கும் என்பது சிலப்பதிகாரம் காட்டும் கொள்கை. அஃதாவது, நம் பாலை காய்ந்து வறண்ட காடும் சுரமுமேயாம். அரபு நாட்டிலோ மணலே நிலமாய் விரிந்து கிடக்கின்றது. 'ரூப் அல்-காலி' எனப்படும் பெரும்பாலை ஏறக்குறைய 6,50,000 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. நம் இலங்கைத் தீவு போன்ற ஒன்பது தீவுகளை அதனுள் அடக்கிவிடலாம். 'வெறுமையான காற்பங்கு' என்பது அப்பெயரின் பொருள்.

மலைநாட்டவராகிய நமக்கும் மோட்டார் விளையாட்டு புதியதன்று. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில் 1934 ஆம் ஆண்டு தொடங்கிய மலையேற்றப் பந்தயத்தை அறியாதார் இப்பகுதியில் அரியர். வளைந்து வளைந்து ஏறும் தோட்டப் பாதையில் ஒவ்வொரு வண்டியாகப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு போட்டியிடும். குறைந்த நேரத்தில் உச்சியை அடைந்தவனுக்கே வெற்றி. அங்கே ஓட்டுபவன் தனியன். அவனுக்கு முன்னும் எவருமிலர், பின்னும் எவருமிலர்.

மணற்பயணம் இதற்கு நேர்மாறானது. அங்கே கடிகாரமில்லை, பரிசில்லை. வளைகுடா நாடுகளில் இதற்கெனக் கழகங்கள் பல உள. அலுவலகப் பணியாளர், பொறியியலாளர், ஓட்டுநர் எனப் பல நாட்டவரும் விடுமுறை நாட்களில் அதிகாலையிற் கூடுவர். புதியோர்க்கெனத் தனிப் பயணங்கள் வகுக்கப்பட்டிருக்கும். தனி வண்டியாக மணலுள் நுழைதல் ஆகாது என்பதே முதற்பாடம். சிக்கிய வண்டியை இழுக்க இன்னொரு வண்டி வேண்டும் என்பது வெளிப்படை.

இரண்டாம் பாடம் காற்றைக் குறைத்தல். தார்ச்சாலையிற் சதுர அங்குலத்துக்கு 30 முதல் 35 இறாத்தல்வரை அழுத்தம் கொண்டிருக்கும் டயர்களை, மணலின் விளிம்பில் நிறுத்தி, ஏறக்குறைய 15 இறாத்தலுக்கு இறக்குவர். காற்றுக் குறைந்த டயர் தளர்ந்து நீண்டு பரவும்; வண்டியின் பாரம் அகன்ற பரப்பிற் பகிரப்படும்; சக்கரம் புதையாது மிதக்கும். ஒட்டகத்தின் அகன்ற பாதத்துக்கு இயற்கை அளித்த நுட்பம் இதுவே. ஆயின் அளவிறந்து குறைத்துவிட்டுச் சடுதியில் திருப்பினால், டயர் தன் இரும்பு விளிம்பை விட்டுக் கழன்றுவிடும். திரும்பிச் சாலை ஏறுமுன் மீண்டும் காற்றடைத்தல் வேண்டும்.

மூன்றாம் பாடம் குன்றின் இயல்பறிதல். காற்று வீசும் பக்கத்தில் மணற்குன்று மெல்லச் சாய்ந்தேறும். மறுபக்கத்தில் ஏறக்குறைய 33 பாகைச் சரிவாய்ச் சட்டென வீழும். உலர்ந்த மணல் அதனினும் செங்குத்தாய் நிற்கமாட்டாது, சரிந்துவிடும். ஆதலின் முகட்டை நேர்நிலையில் அணுகி, உச்சியில் வேகம் தணித்து, நேராகவே இறங்குதல் வேண்டும். சரிவின் குறுக்கே திருப்பினால் வண்டி உருண்டுவிடும். ஏற முடியாது போயின், வந்த தடத்திலேயே நேராகப் பின்னோக்கி இறங்குதல் வேண்டும். நண்பகலில் நிழல் படியாமையால் மேடும் பள்ளமும் ஒரே நிறமாய்த் தோன்றிக் கண்ணை ஏமாற்றும். மறுபுறத்து வண்டியை அறிவதற்காக ஒவ்வொரு வண்டியிலும் நெடிய கம்பில் ஒரு கொடி பறக்கும்.

இவ்வறிவெல்லாம் ஒரு நாளில் வந்ததன்று. ரால்ஃப் பாக்னால்ட் என்னும் ஆங்கிலப் படையதிகாரி, 1920களின் பிற்பகுதியில் எகிப்தில் பணியாற்றியபோது, தம் நண்பர் சிலருடன் விடுமுறை நாட்களில் போர்ட் வண்டிகளைக் கொண்டு லிபியப் பாலையுட் புகுந்தார். டயரின் காற்றைக் குறைத்தலும், புதைந்த சக்கரத்தின் கீழ் இரும்புத் தகடுகளை இடுதலும், கதிரவனின் நிழலால் திசையறிதலும் அவர்கள் பட்டுத் தேர்ந்த முறைகள். அத்தகடுகள், முதலாம் உலகப்போரில் நிலவறைகளுக்குக் கூரை தாங்கப் பயன்பட்டவை. கெய்ரோவின் பழையபொருட் கடையிற் கிடைத்தவை. 1940 இல் அவர் நிறுவிய நெடுந்தூரப் பாலைவனப் படைப்பிரிவில் முதலிற் சேர்ந்தோர் நியூசிலாந்து நாட்டு வீரர், அவருட் பலர் உழவர், பாலையைக் கண்டறியாதவர். அப்புதியோரைச் சில வாரங்களுக்குள்ளேயே பாலைப் பயணத்துக்குப் பழக்கிவிட்டனர். மணல் காற்றில் நகரும் இயல்பை ஆராய்ந்து 1941 இல் பாக்னால்ட் வெளியிட்ட நூல் அத்துறையின் அடிப்படை நூலாக இன்றும் மதிக்கப்படுகின்றது.

நம் முன்னோர் இத்தகைய கூட்டுச் செலவை அறியாதவரல்லர். சுரம் கடக்கும் வணிகக் கூட்டத்துக்குச் 'சாத்து' என்பது பெயர். கோவலனின் தந்தை மாசாத்துவான். பெருஞ்சாத்தினை உடையவன் என்பது அப்பெயர்க்குரிய பொருள். மேடும் பள்ளமும் நிறைந்த வழியிற் செல்லும் உப்பு வணிகர், அச்சு முறியுமோ என அஞ்சி, வண்டியின் கீழ் வேறோர் அச்சினைக் கட்டிச் சென்ற செய்தியைப் புறநானூற்றில் ஔவையார் வாக்கால் அறிகின்றோம். 'சேம அச்சு' என்பது அதன் பெயர். இன்று மணற்பயணத்தார் மாற்றுச் சக்கரமும் மண்வெட்டியும் இழுவைக் கயிறும் நிறைந்த நீரும் கொண்டு செல்வதைக் கேட்டபோது, அவ்வுமணர் வண்டியே என் கண்முன் தோன்றியது.

இனி, அவ்விளைஞன் கூறிய வரிசை முறைக்கு வருவோம். வழியறிந்த தலைவன் முதல் வண்டியிற் செல்வான். அவனுக்கு அடுத்தது, கூட்டத்தில் மிகப் புதியவனின் வண்டி. தலைவனின் தடத்தை அழியுமுன் பற்றிச் செல்லவும், தலைவன் தன் கண்ணாடியில் அவனை எப்போதும் காணவும் அவ்விடமே தக்கது. அவனைத் தொடர்ந்து ஏனையோர். கடை வண்டியைத் தலைவனுக்கு நிகரான வல்லவன் ஒருவன் ஓட்டுவான். அவனுக்குப் பின்னே எவரும் விடுபடலாகாது. அதுவே அவன் கடமை. ஒவ்வொருவனும் முன்னே செல்பவனை மட்டுமன்றிப் பின்னே வருபவனையும் கண்காணித்தல் வேண்டும். பின்வண்டி காணப்படாவிடின் நின்று வானொலியிற் சொல்ல வேண்டும். முழு வரிசையும் நிற்கும்.

முதற்பயணத்திலேயே அவனுக்கு அச்சோதனை நேர்ந்தது. ஒரு முகட்டை நெருங்குகையில் மறுபுறம் தெரியாமையால் அஞ்சித் தடையை அழுத்திவிட்டான். வண்டி முகட்டின்மேல் வயிறு தட்டி நின்றது. பதற்றத்தில் விசையை மிதித்தான். சக்கரங்கள் சுழன்று சுழன்று தாமே தமக்குக் குழி பறித்தன.

"எனக்காகப் பின்னால் எட்டு வண்டி நின்றது, ஐயா. தலைவர் இறங்கி வந்து, முதலில் காலை எடு என்றார். பிறகு எல்லாரும் சேர்ந்து மணலை வாரினார்கள். அரைமணிக்கு மேலாயிற்று. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை" என்றான் அவன்.

இதனைக் கேட்டபோது, மலையகத்தார் எவர்க்கும் வரக்கூடிய ஒரு நினைவே எனக்கும் வந்தது. நம் முன்னோரும் ஒரு கூட்டுப் பயணத்தினாலேயே இம்மலைகளை அடைந்தனர். கோப்பித் தோட்டக் காலத்தில், தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கங்காணிமாரின் பின்னே புறப்பட்டு, கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளினூடே மாத்தளை நோக்கிக் கால்நடையாய் நடந்தனர். அவர்களும் வரிசையாகவே சென்றனர். அவர்களுக்கும் முன்னே வழிகாட்டி இருந்தான். ஆயின் பின்னே காவலன் இல்லை. வாந்திபேதியாலும் பசியாலும் தளர்ந்தவர் வழியோரத்தில் விழுந்தனர்; கூட்டம் அவர்களை விட்டு மேலே சென்றது. தோட்டத்திற் சென்று சேர்ந்தவரைக் கணக்கிட்டனர். வழியில் மாண்டவர் பெயரை எவர் எழுதிவைத்தார்?

அம்மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்தமையை ஒட்டி, 2023 ஆம் ஆண்டு ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நினைவு நடைபயணம் நிகழ்ந்தது. விடுபட்டவர்களை நினைப்பதற்காகவே மீண்டும் அவ்வழியில் நடந்தனர் எனக் கொள்ளின் அது பொருந்தும். இருநூறு ஆண்டு கழிந்த பின்னராயினும் திரும்பி நோக்கினரன்றோ!

இனி, தொடக்கத்தில் நான் கூறாது விட்டதைக் கூறுகின்றேன்.

இவ்விளைஞன் என் வகுப்பிற் கடைசி வரிசையில் இருந்தவன். லயத்து அறையில் விளக்கொளி போதாமல் வீட்டுப்பாடம் முடியாது வருவான். நான் புணர்ச்சி விதிகளைக் கற்பிப்பேன். முன்வரிசையினர் நால்வர் விடை கூறுவர். வகுப்பு விளங்கிக்கொண்டதெனக் கருதி அடுத்த விதிக்குச் செல்வேன். பாடத்திட்டம் குறித்த நாளில் முடிந்தது. அதுபற்றி எனக்குப் பெருமையும் இருந்தது. அவன் சாதாரண தரப் பரீட்சையிற் சித்தியெய்தவில்லை. பின்னர்ப் பள்ளிக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என நான் சென்று கேட்கவுமில்லை. ஓராண்டுக்குப் பின், அவன் கொழும்பில் ஒரு கடையில் இருப்பதாக யாரோ கூறினர், அவ்வளவே.

வல்லவரை முன்னிறுத்தி, மெலிந்தவரைக் கடையில் அமர்த்தி, கடையில் எவர் உளர் எனக் காணாது வண்டியைச் செலுத்தியவன் நான். மணற்கழகத்தார் அதனைப் பிழையென்பர். மாணவன் எழுத்தைக் கூட்டத் தடுமாறி நிற்கையில், 'சொல், சொல்' என அதட்டுவது, புதைந்த சக்கரத்தை மேலும் சுழற்றுவதேயாம், குழிதான் ஆழமாகும். முதலிற் காலை எடுத்தல் வேண்டும். பின்னர் மணலை வாரல் வேண்டும். இருபத்தைந்தாண்டு கற்பித்த எனக்கு இது விளங்க, மணலில் வண்டியோட்டிய ஒருவன் வரவேண்டியிருந்தது.

இவற்றுள் எதனையும் அவன் கூறினானல்லன். ஆசிரியரைக் காண வந்தவன் பேரீச்சம்பழப் பொதி ஒன்றைத் தந்து, படத்தைக் காட்டி, மழை விடுமுன் விடைபெற்றுச் சென்றான். வாயிலில் நின்று, "அடுத்த முறை போகும்போது கடைசி வண்டியை எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், ஐயா" என்றான். அவன் குரலிற் பெருமிதம் இருந்தது.

முதல் வண்டியன்று அவன் விரும்பியது. அதனை எண்ணியவாறு நெடுநேரம் வாயிலிலேயே நின்றேன். விடுமுறை கழிந்து வகுப்புத் தொடங்கிய அன்று, பின்வரிசையிலிருந்த இருவரை அழைத்து என் மேசைக்கு அருகே அமர்த்தினேன். தண்டனையோ என அஞ்சினர். அன்றன்று என்றேன். அன்றைய பாடம் பாதியிலேயே நின்றது.