கிபேராவின் பத்து லட்சம்

கென்யாவின் தலைநகரான நைரோபியில், பழைய உகாண்டா ரயில் பாதை ஊடறுத்துச் செல்லும் கிபேரா என்ற குடிசைப் பிரதேசத்தில் பத்து லட்சம் மக்கள் வசிக்கிறார்கள் என்று பத்திரிகைகளும், தர்ம ஸ்தாபனங்களின் பிரசுரங்களும், அவற்றை நம்பி எழுதப்பட்ட கலைக்களஞ்சியக் கட்டுரைகளும் பல வருஷங்களாகச் சொல்லி வந்தன. கென்ய அரசு 2009-இல் எடுத்த ஜனத்தொகைக் கணக்கோ, அங்கே இருந்தவர்கள் 1,70,070 பேர் என்றது.

இத்தனை பெரிய பிழை நெடுநாள் நிலைத்ததற்கு யாருடைய வஞ்சகமும் காரணமன்று. ஓர் அறிக்கை சொன்னதைப் பத்திரிகை எடுத்து எழுத, பத்திரிகையைக் கலைக்களஞ்சியம் ஆதாரமாகக் காட்ட, கலைக்களஞ்சியத்தைப் பார்த்து அடுத்த அறிக்கை பிறக்க, எண்ணிப் பாராத ஒரு தொகைக்கு அடிக்குறிப்புகள் மட்டும் பெருகிக்கொண்டே போயின. சர்க்கார் நிலத்தில் அனுமதியின்றி எழுந்த குடியிருப்பு என்று கருதப்பட்டதால், தேசப்படங்களிலும் அவ்விடம் வெறுமையாகவே கிடந்தது. ஏழைகளைப் பற்றி எதைச் சொன்னாலும் மறுத்துக் கேட்பாரில்லை என்பதையும் நாம் வருத்தத்தோடு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இப்பிழையைத் தாங்கிய கலைக்களஞ்சியக் கட்டுரையைத் திருத்த முற்படுவோர் பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணை எழுதிவிட்டால் போதாது. அரசின் கணக்கும் விவாதத்துக்கு அப்பாற்பட்டதன்று. கியாண்டா என்ற ஒரு பகுதியில் வீடு வீடாகச் சென்று எண்ணிய ஆய்வாளர்கள், அதைக்கொண்டு கிபேரா முழுவதற்கும் 2,35,000 முதல் 2,70,000 பேர் வரை இருக்கலாம் என மதிப்பிட்டார்கள். எண்ணியவர் யார், எந்த வருஷம், எந்த எல்லைக்குள், எந்த முறையில் என்பவற்றை எண்களின் பக்கத்திலேயே எழுதுவதுதான் நேர்மை. அதே 2009-இல் அவ்வூர் இளைஞர்கள் கையில் ஜி.பி.எஸ். கருவியோடு சந்து சந்தாக நடந்து, தண்ணீர்க் குழாய்களையும் கழிப்பிடங்களையும் பள்ளிக்கூடங்களையும் மருந்தகங்களையும் குறித்து, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில் ஏற்றினார்களே, அந்த உழைப்பு எந்த அயல்நாட்டு நிருபரின் வர்ணனையைக் காட்டிலும் மதிப்புடைய சான்று என்பது என் அபிப்பிராயம்.

எண்ணிக்கையைவிடப் பெரிய குறை சரித்திரத்தை விட்டுவிடுவது. சாக்கடையையும் நோயையும் குற்றத்தையும் பத்தி பத்தியாக அடுக்கும் கட்டுரை, பிரிட்டிஷ் ராணுவத்தில் சேவை செய்த நூபியச் சிப்பாய்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே குடியேற்றப்பட்டதையும், அவர்களுக்கு நிலப் பட்டா வழங்கப்படாததையும், இன்று அங்கே வசிப்போரில் பெரும்பாலோர் வாடகைக் குடிகளே என்பதையும் சொல்லாமற்போனால், வறுமை அம்மக்களின் சுபாவம் என்றே வாசகர் எண்ணிவிடுவார். நூபியச் சமூகத்துக்கு 288 ஏக்கருக்குப் பட்டா கிடைத்தது 2017-இல்தான்.

விக்கிப்பீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியத்தை வாசிப்பவர் எவரும் அதைத் திருத்தலாம். ஏழைகள் வாழும் ஓர் இடத்தைப் பற்றி ஆதாரமற்ற எண்ணைக் கண்டால், எண்ணியவர் யாரென்று தேடிச் செல்லுங்கள்; கிடைக்காவிட்டால் ‘சான்று தேவை’ என்ற குறிப்பையாவது அங்கே இட்டுவிடுங்கள்.