வாடகைக் கடை: முதல் சாமான் எது?

சகோதரிகளே, குழுக் கடனில் வாடகைக் கடை வைக்கலாம் என்றதும் பந்தலும் சீரியல் விளக்கும்தான் நம் கண்ணுக்குத் தெரியுது. கொஞ்சம் பொறுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலும் கல்யாணம் கிடையாது; தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்து நிற்கும். அதனால் காதுகுத்து, வளைகாப்பு, கோயில் கூழ், துக்க வீடு என எல்லாத்துக்கும் போகிற நாற்காலியையும் சமையல் பாத்திரத்தையும் முதலில் வாங்கச் சொல்கிறோம்.

கை இல்லாத நாற்காலி 50 போதும். அடுக்கி ஒரே வண்டியில் ஏற்றலாம். உட்கார்ந்து பாருங்கள், கால் விரிந்தால் வேண்டாம்.

பித்தளை அண்டா பழசானாலும் எடைக்கு விலை போகும். ஆனால் ஈயம் பூசாமல் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறி, சாப்பிட்டவங்களுக்கு வாந்தி, வயிற்றுவலிதான். ஈயம் பூசுகிறவர் பக்கத்தில் இல்லையென்றால் அடி கனமான எவர்சில்வரே மேல். அலுமினியத்தில் சோறு வடிக்கலாம். புளி, மோர் கூடாது.

எல்லாவற்றிலும் குழுவின் பெயரை வெட்டுங்கள். போகும்போதும் வரும்போதும் எண்ணி, நோட்டில் கையெழுத்து வாங்குங்கள், சொந்தக்காரராக இருந்தாலும். தொலைவது எப்பவும் கரண்டிதான்!

பந்தல் கேட்டால் பக்கத்து ஊர்க் கடையில் எடுத்துக் கொடுத்து, கமிஷன் வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தப் பந்தலைக் கடன் அடைந்த பிறகு பார்க்கலாம்.